மத்தளம் வாசித்த கை: உடற்காய வழக்கில் தொட்டுக் காட்ட முடியாத இழப்புகள்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வளைவை வெட்டி எடுத்த டிப்பர் ஒன்று இடித்ததில், என் மாமா மோட்டார் சைக்கிளோடு வயலுக்குள் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. இரண்டு சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் கிளினிக். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கை மடங்காது.

நட்டஈட்டு வழக்குப் போட அவரையும் மாமியையும் சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் வயதுப் பெண். மோட்டார் சைக்கிள் திருத்திய செலவு, யாழ்ப்பாணம் போய்வந்த வாகனக் கூலி, காலபோக நெல் வயலுக்கு ஆள் பிடித்த கூலி என்று மாமா சொல்லச் சொல்ல எழுதினார். அரைப் பக்கம்கூட வரவில்லை. “வேற என்ன ஐயா இழந்தனீங்கள்?” என்று கேட்டார். “வேற ஒண்டும் இல்லைப் பிள்ளை. உயிர் தப்பினதே பெரிசு” என்றார் மாமா.

சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்துவிட்டு வேறு விதமாகக் கேட்டார்: “முந்தி அந்தக் கையால என்னென்ன செய்தனீங்கள்?”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மத்தளம் வாசிச்சனான்” என்றார். கோவலன் கூத்துக்கு, சின்ன வயதிலிருந்தே. இப்போது அந்த மத்தளம் உரப்பையால் சுற்றியபடி கொட்டிலில் தொங்குகிறது. சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுவதையும், பந்தியில் அதைப் பார்ப்பார்கள் என்று கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதையும் அன்றைக்குத்தான் சொன்னார். “இதை எனக்கும் ஒருநாளும் சொல்லேல்லையே” என்றார் மாமி.

சட்டத்தரணி இரண்டாவது தாளை எடுத்தார். அந்த இரண்டாவது தாளில் எழுதப்படுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒருவருடைய கவனயீனத்தால் உங்கள் உடம்பு காயப்பட்டால், இழப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று கணக்குப் பார்க்கக்கூடியது: மருந்து, பயணம், இழந்த கூலி, இனி உழைக்க முடியாமற்போகும் பணம். மற்றது கணக்குக்குள் அடங்காதது: பட்ட வலி, போன தூக்கம், வடு விழுந்த முகம், இனிச் செய்யவே முடியாத விருப்பமான காரியம். இதற்குக் கடையில் விலை இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. ஆனாலும் சட்டம் இதையும் இழப்பாகவே எண்ணுகிறது. இதற்கும் பணம் கொடுக்கச் சொல்கிறது. பணம் போன கையைத் திருப்பித் தரும் என்று எந்த நீதிபதியும் நினைப்பதில்லை. தர வேறு வழியில்லை என்பதால் பணமாகத் தரப்படும் ஆறுதல் அது.

இங்கே பலர் “நாங்கள் தேசவழமைக்காரர் தானே, அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள். தேசவழமை வடக்குத் தமிழரின் பழைய வழக்காற்றுச் சட்டம்; அது சொத்து, சீதனம், முதுசம் பற்றியது. காயத்துக்கான நட்டஈடு இலங்கை முழுவதற்கும் பொதுவான உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒல்லாந்தர் விட்டுப்போனதை ஆங்கிலேயர் தொடர்ந்து வைத்திருந்தார்கள்; இன்றைக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் அதுதான் ஓடுகிறது.

அந்தச் சட்டத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. பண இழப்பைத் திருப்பிக் கேட்பது ஒரு வழி. உடற்காயத்தின் வலி, வேதனை, உருச்சிதைவு ஆகியவற்றுக்கு ஆறுதற்பணம் கேட்பது இரண்டாவது. ஒருவர் வேண்டுமென்றே உங்கள் மானத்தையோ மதிப்பையோ கெடுத்தால் கேட்பது மூன்றாவது. மாமாவுடைய விடயத்தில் முதல் இரண்டும் வரும். டிப்பர் சாரதி வேண்டுமென்று இடித்தார் என்று காட்டத் தேவையில்லை, கவனமில்லாமல் ஓடினார் என்று காட்டினால் போதும். இரண்டையும் ஒரே வழக்கில் கேட்கலாம், ஆனால் வழக்கில் தனித்தனியாக எழுத வேண்டும். “மொத்தமாக இவ்வளவு” என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால், எதற்கு எவ்வளவு என்று நீதிபதிக்கு விளங்காது.

வன்னியில் இந்த இரண்டாவது தாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, அதற்கு மேல் யாழ்ப்பாணம். சத்திரசிகிச்சை இலவசம், கட்டில் இலவசம். நல்ல விடயம்தான், ஆனால் கையில் ஒரு பில்லும் மிஞ்சாது. வருமானமும் அப்படியே: வயல், தோட்டம், கடல், நாட்கூலி. சம்பளச் சீட்டு இல்லை. நெல் விற்ற காசுக்கு ஒரு துண்டுகூட இருக்காது. ஆகவே பற்றுச்சீட்டுகளை மட்டும் அடுக்கினால் எங்கள் ஆட்களின் காயம் மிகச் சின்னதாகத் தெரியும். கொழும்பில் தனியார் மருத்துவமனையில் கிடந்தவருடைய அதே காயம் பெரிதாகத் தெரியும். வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்த நியாயத்தைச் சொல்ல இடமிருப்பது இரண்டாவது தாளில்.

இன்னொன்றும் உண்டு. 2009ஐக் கடந்து வந்த ஊர் இது. சாவைப் பார்த்தவர்களுக்கு மணிக்கட்டு ஒரு காயமாகவே தெரிவதில்லை. “பறவாயில்லை” என்ற சொல்லை நாங்கள் அளவுக்கு மிஞ்சிச் சொல்லிப் பழகிவிட்டோம். மாமா பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அதை இழப்பென்று அவர் எண்ணவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குச் சொல்லாததை நீதிமன்றம் அறியாது. வலியைச் சொல்வது பேராசை இல்லை.

என்னென்ன சொல்லலாம்? முதலில் வலியும் வேதனையும். விபத்து நடந்த நேரத்து வலி, சத்திரசிகிச்சைகளின் வலி, இனி இருக்கப்போகும் வலி மூன்றும் அதில் அடங்கும். மாரிக்குள் மணிக்கட்டு இழுக்கிறதென்றால் அதுவும் வலிதான், அதுவும் ஆயுளுக்கும். அடுத்தது உருச்சிதைவு: வடு, நொண்டல், போன விரல். பெண்பிள்ளைகளுக்கு முகத்தில் வடு விழுந்தால் “கலியாணம் தடைப்படும்” என்று ஒரு வரியோடு முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. கண்ணாடி பார்க்கக் கூசுவது, வகுப்பில் பின்வாங்கில் போய் இருப்பது, படம் எடுக்க நிற்காமல் விடுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் சொந்த இழப்புகள். கலியாணம் வந்தாலும் வராவிட்டாலும் அவை இழப்புகள்தான்.

மாமாவுடைய மத்தளம் வருவது மூன்றாவதற்குள். வாழ்வின் சுகங்களை இழத்தல் என்று அதைச் சொல்லலாம். உழைப்போடு சம்பந்தமில்லாமல், வாழ்க்கையை வாழ்க்கையாக்கிய காரியங்கள் இல்லாமற்போவது. இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். ஒரே மணிக்கட்டு உடைவு, வாசிக்காத ஒருவருக்கு ஒரு அளவு, மத்தளக்காரருக்கு வேறு அளவு. ஒருவருக்கு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு நடந்து போவது, இன்னொருவருக்குப் பேரப்பிள்ளையைத் தூக்குவது, மற்றவருக்குக் குளத்தில் வலை வீசுவது. சின்ன விடயமென்று எதையும் விடவேண்டாம். கரண்டியால் சாப்பிடுவது சின்ன விடயமா? மூன்று நேரமும், ஒவ்வொரு நாளும்.

மனப்பாதிப்பும் உண்டு. டிப்பர் சத்தம் கேட்டால் உடம்பு விறைப்பது, வீதிக்கு இறங்கப் பயப்படுவது. வைத்தியர் கண்டு பதிந்திருந்தால் இதற்குப் பலம் கூடும். ஆயுள் குறையும் அளவு காயமென்றால் அதுவும் கணக்கில் வரும்.

சரி, இதற்கு எவ்வளவு? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இலங்கையில் இதற்கென்று அச்சடித்த விலைப்பட்டியல் இல்லை. தொகையைத் தீர்மானிப்பது நீதிபதியின் தற்றுணிபு, அதாவது அவர் யோசித்து எடுக்கும் முடிவு. காயத்தின் கடுமை, எவ்வளவு காலம் நீடித்தது, நிரந்தரமா, ஆளின் வயது, முந்திய வாழ்க்கை, இதே மாதிரிக் காயங்களுக்கு முன்னைய தீர்ப்புகளில் கொடுத்த தொகை, அன்றைய பணத்துக்கும் இன்றைய பணத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் பார்க்கப்படும். எதிராளிக்கும் நியாயமாக இருக்கவேண்டும் என்பதால் தண்டனையாகத் தொகையை ஏற்றுவதில்லை. நீங்கள் வழக்கில் கேட்டதற்கு மேலே நீதிமன்றம் தராது என்பதால், ஆரம்பத்திலேயே யோசித்துக் கேட்கவேண்டும். உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஹெல்மெட் போடாமல் தலை அடிபட்டவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

வெளிநாட்டு உறவுகளின் ஆலோசனையை இந்த இடத்தில் கவனமாகக் கேட்கவேண்டும். லண்டனில் இருக்கும் மச்சான் “கழுத்துப் பிடிப்புக்கே இவ்வளவு எண்டு பட்டியல் இருக்கு” என்பார். அவர் சொல்வது சரி: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாகன விபத்தில் வரும் சின்னக் கழுத்துக் காயங்களுக்கு 2021 மே 31 முதல் நிர்ணயித்த தொகைகள் இருக்கின்றன. கனடாவில் வலி வேதனைக்கான தொகைக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு இலட்சம் டொலர் என்று உச்சவரம்பு வைத்தது. விலைவாசியோடு அது ஏறிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் வரும் விபத்துத் தீர்ப்பாயமும், சாவு நடந்த வீட்டுக்குத் துணையை இழந்ததற்கென்று 40,000 ரூபாய் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் வகுத்த கணக்கும் இந்தியாவுக்குரியவை. இங்கே அப்படித் தனித் தீர்ப்பாயம் இல்லை. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறேன். இங்கே எத்தனையோ பேர் உடம்புக்குள் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டோடு நடமாடுகிறார்கள். “பீஸ் இருக்கு” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அப்படி ஒருவரை வாகனம் இடித்து, பழைய காயத்தோடு சேர்ந்து நிலைமை மோசமானால், “இது முந்தியே இருந்த நோ” என்று எதிர்த்தரப்பு சொல்லும். சட்டத்தில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு: இடித்தவர் இடிபட்டவரை, இடிபட்ட நேரத்தில் இருந்த நிலையிலேயே ஏற்கவேண்டும். பலவீனமான உடம்பில் அடி பெரிதாக விழுந்தால், “நல்ல உடம்பென்றால் இவ்வளவு வந்திருக்காது” என்று தப்ப முடியாது. ஆனால் பழைய காயத்தின் பழைய வலிக்கு அவர் பொறுப்பில்லை. கூட்டியதற்கு மட்டுமே பொறுப்பு. ஆகவே பழைய காயத்தை மறைக்கவே வேண்டாம். விபத்துக்கு முதல் நாள் வரை எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எவ்வளவு பாரம் தூக்கினீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால் அதுவே பெரிய சாட்சி.

காயப்பட்டவர் இறந்துவிட்டால்? வலிக்கான உரிமை அவருடைய உடம்போடு பிறந்தது. வழக்கு உரிய கட்டத்தை அடைய முன் அவர் கண் மூடினால், அந்த உரிமை வாரிசுகளுக்குப் போகாது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் நிலை. குடும்பத்தின் சொந்தத் துயரத்துக்கும் நீண்டகாலம் கதவு மூடியே இருந்தது. கொழும்பில் ஒரு சிறுமி இறந்ததற்கு மருத்துவக் கவனயீனம் என்று தகப்பன் தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. 2001இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. மருத்துவரின் செயலால்தான் மரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது ஒரு காரணம். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தது பண இழப்பு இல்லை, ஆகவே பண இழப்புக்கான வழக்கில் அதைக் கேட்க முடியாது என்பது மற்றக் காரணம். உழைக்காத பிள்ளையின் சாவுக்குச் சட்டத்தில் ஏறக்குறைய மதிப்பே இல்லை என்ற நிலை அது. வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அதை மாற்றவே, ஒருவரின் மரணத்துக்கான நட்டஈடு பெறுவது பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிறர் பிழையால் உயிர் போனால், நெருங்கிய குடும்பத்தார் அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்ததற்கு இப்போது கேட்கலாம். ஊரில் இந்தச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது.

நட்டஈடு என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே பலருக்குக் கசக்கும் என்பதும் தெரியும். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் இருந்த தாய்மார், 2022இல் அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபாய் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார்கள். அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. விபத்து வழக்கில் யார் பிழை செய்தார், என்ன நடந்தது என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் நீதிமன்றம் பணத்துக்கு வரும். அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்லாமலே பணம் நீட்டப்பட்டது. அவர்கள் மறுத்ததில் முழு நியாயம் இருக்கிறது. நீங்கள் மணிக்கட்டுக்கு நட்டஈடு கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அரச அதிகாரி கை வைத்த காயம் என்றால், உதாரணத்துக்குப் பொலிஸ் காவலில் அடி என்றால், அடிப்படை உரிமை மீறல் மனு என்று தனி வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். நியாயமென்று படும் தொகையை அந்த நீதிமன்றம் தரும். பற்றுச்சீட்டு கேட்டு நிற்காது. ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து யோசிப்போம் என்றால் காலம் போய்விடும்.

வேலைத்தளத்துக் காயத்துக்கு, ஆலையிலோ கட்டட வேலையிலோ மிதிவெடி அகற்றும் வேலையிலோ, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலாளியின் பிழையைக் காட்டத் தேவையில்லை என்பது அதன் நன்மை. உழைக்கும் திறன் எவ்வளவு போனது என்ற அட்டவணையில்தான் தொகை வரும், வலிக்கு அதில் இடமில்லை என்பது குறை. எந்த வழியில் போவதென்று கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள்.

ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது? கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் தந்த நோய்விபர அட்டை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. எக்ஸ்றே படத்தைக் கூரைத் தடிக்குள் செருகி வைக்கவேண்டாம். மாமாவுடைய முதல் படம் பூஞ்சணம் பிடித்து ஒன்றும் தெரியாமற்போனது. காயத்தைத் தேதி தெரியும்படி போனில் படமெடுங்கள், ஆறிவரும் ஒவ்வொரு கட்டத்திலும். ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வாருங்கள்: “இரவு மூன்று மணிக்கு நோவால் எழும்பினேன்.” “சேட்டுப் பொத்தான் மகள் பூட்டிவிட்டாள்.” இரண்டு வருடத்துக்குப் பிறகு சாட்சிக் கூண்டில் நிற்கும்போது இவை ஞாபகத்தில் இருக்காது. மாமாவுக்காகக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். அவர் வைத்திருந்த பழைய கோவில் நோட்டீசில் மத்தளம் என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருந்தது. அந்த நோட்டீசும் வழக்குக் கோவைக்குள் போனது.

பொலிசில் “சமாதானமாய் முடிப்பம்” என்று காகிதம் நீட்டினால், கடைசி வரியை வாசியுங்கள். “இனி இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இருந்தால், கையில் தரும் சின்னத் தொகையோடு இரண்டாவது தாளும் போய்விடக்கூடும். கட்டுப்போட்ட கையோடு இருக்கும் ஆளுக்குத் தன் கை கடைசியில் எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரியாத நேரத்தில் முடிக்கவேண்டாம். வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், ஆகவே பணம் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியிடமிருந்துதான் வரும். வழக்குப் போடும்போதே கம்பனிக்கு முறைப்படி அறிவிக்கவேண்டும். அதைத் தவறவிட்டால் தீர்ப்புக் கிடைத்தும் கம்பனியிடம் அறவிட முடியாமற்போகலாம்.

காலக்கெடு இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. காயப்பட்டவர் பிள்ளையென்றால், சட்டப்படி வயது வந்தவராகும்வரை அந்தக் காலம் ஓடாது. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராக நடக்கும் வழக்கு வேறு, உங்கள் நட்டஈட்டு வழக்கு வேறு. “அந்த வழக்கு முடியட்டும்” என்று காத்திருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

மாமாவுடைய வழக்கு விளக்கத்துக்கு (சாட்சி விசாரணைக்கு) வர முன்பே இணக்கத்தில் முடிந்தது. கம்பனி முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் இடையில் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசம் இரண்டாவது தாளால் வந்தது. தொகையை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால், மணிக்கட்டு உடைந்த அடுத்த ஆள் அதையே விலையென்று எடுத்துக்கொள்வார். அவருடைய கை என்னென்ன செய்த கை என்று அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.